25 வருட விடுமுறைக்கு இப்போதே பணம் கட்டலாமா?

ஹாலிடே மெம்பர்ஷிப், அதாவது முன்கூட்டியே பணம் கட்டி வருடா வருடம் சில இரவு ரிசார்ட்டில் தங்கும் உரிமை, வாங்கலாமா என்று யாராவது கேட்டால் நான் முதலில் விலையைக் கேட்பதில்லை. வீட்டில் யார் யாருக்கு எப்போது லீவு கிடைக்கும் என்று கேட்பேன். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் உண்டா, கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்களா, வீட்டுப் பெரியவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறதா. இதற்கெல்லாம் பதில் தெரிந்தால் பாதி முடிவு அங்கேயே வந்துவிடும். மீதிக்குத்தான் கணக்கு.

சென்னையில் இந்தக் கேள்வி பெரும்பாலும் ஒரே வழியில்தான் வீட்டுக்குள் வருகிறது. மாலிலோ பெட்ரோல் பங்க்கிலோ ஒரு கூப்பனில் பெயரும் போன் நம்பரும் எழுதிப் போடுகிறோம். சில நாளில் அழைப்பு வருகிறது. உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது, கணவன் மனைவி இருவரும் சேர்ந்து வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். தி.நகரிலோ நுங்கம்பாக்கத்திலோ ஒரு ஹோட்டல் ஹால். காபி, பிஸ்கட், மூணாறு படங்கள், இரண்டு மூன்று மணி நேரப் பேச்சு. கடைசியில் ஒரு விலை, அதற்கு ஒரு தள்ளுபடி, அந்தத் தள்ளுபடி இன்றைக்கு மட்டும். 25 வருடத்துக்கான முடிவை ஒரே சாயங்காலத்தில் எடுக்கச் சொல்கிறார்களே என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். திட்டம் நல்லதா கெட்டதா என்பது அப்புறம். பேப்பரும் பேனாவுமாக வீட்டில் உட்கார்ந்து பார்க்க வேண்டிய விஷயம் இது.

கையில் என்ன கிடைக்கிறது

பத்திரப் பதிவு கிடையாது, பட்டா கிடையாது. ரிசார்ட்டில் ஒரு செங்கல்கூட நம்முடையது ஆகாது. இந்தியாவில் விற்கப்படும் திட்டங்களில் பெரும்பாலானவை பயன்படுத்தும் உரிமையை மட்டும் தருபவை. வருடத்துக்கு 7 இரவு, 25 வருடம் என்பது நமக்குப் பழகிப்போன வடிவம். சில திட்டங்கள் 10 வருடத்துக்கு இருக்கும். சிலவற்றில் இரவுக்குப் பதில் பாயின்ட் கணக்கு இருக்கும்.

விலையைத் தீர்மானிப்பவை இரண்டு. ஒன்று அறையின் அளவு: ஸ்டூடியோ, ஒரு பெட்ரூம், இரண்டு பெட்ரூம். இன்னொன்று சீசன். இந்த மெம்பர்ஷிப் விற்கும் கிளப் மஹிந்திராவில் பர்ப்பிள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நிறம் வைத்துப் பிரித்திருக்கிறார்கள். பர்ப்பிள் உச்சம், நீலம் கடைசி. குறைந்த நிறத்தை வாங்கியவர் மே மாதத்தில் ஊட்டியைக் கேட்டால் கிடைக்காது. அவருடைய உரிமையிலேயே அந்த நாட்கள் இல்லை. ஹாலில் பேசும்போது இந்தப் பகுதி வேகமாகக் கடந்துபோய்விடும். ‘இதுதான் சார் பட்ஜெட்டுக்குப் பொருத்தமானது’ என்று சொல்லி நீலத்தையோ வெள்ளையையோ கையில் கொடுத்துவிடுவார்கள்.

அப்புறம் வருடக் கட்டணம். பராமரிப்புக் கட்டணம், வருடச் சந்தா என்று பெயர் மாறும். அந்த வருடம் நீங்கள் எங்கேயும் போகாவிட்டாலும் கட்ட வேண்டும். கட்டாமல் விட்டால் புக்கிங் நின்றுவிடும். சேரும் கட்டணம், வருடக் கட்டணம் இரண்டுக்கும் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு.

25 வருடம் என்பது எவ்வளவு நீளம் என்பதற்குச் சென்னைக்காரர்களுக்கு வெளியூர் உதாரணம் தேவையில்லை. 1986-ல் இந்த ஊரில் தொடங்கிய ஸ்டெர்லிங் என்ற ரிசார்ட் நிறுவனம் ஒரு காலத்தில் 99 வருட உரிமையே விற்றது. கொடைக்கானலை நினைத்து அன்று எத்தனையோ நடுத்தரக் குடும்பங்கள் அதில் சேர்ந்தன. 2014-ல் அந்த நிறுவனத்தை வாங்குவதாகத் தாமஸ் குக் இந்தியா அறிவித்தது. அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் நாம் கையெழுத்துப் போடும் ஒப்பந்தம் முடிவதற்குள் முதலாளி மாறலாம், தொழிலின் போக்கு மாறலாம், எந்த ரிசார்ட்டின் படத்தைப் பார்த்து வாங்கினோமோ அது பட்டியலில் இல்லாமலும் போகலாம்.

நம் குடும்பமும் மாறும். இன்று 8 வயதில் இருக்கும் பிள்ளைக்கு ஒப்பந்தம் முடியும்போது 33 வயது. கணவன் மனைவி, இரண்டு சிறு பிள்ளைகள் என்று ஸ்டூடியோ வாங்கினால், பிள்ளைகள் வளர்ந்ததும் அவர்களும் பெரியவர்கள் கணக்கில் வந்துவிடுவார்கள், அறை போதாது. கல்லூரி, வேலை, கல்யாணம் என்று அவர்கள் கிளம்பிய பிறகு இரண்டு பேருக்கு அதே அறை. 45 வயதில் மெம்பர்ஷிப் வாங்குகிறவர் 70 வயது வரை மலைப்பாதையில் ஏறி இறங்கப்போகிறோம் என்று பணம் கட்டுகிறார். இதை அந்த ஹாலில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

கணக்கு

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். உங்களுக்குச் சொல்லப்பட்ட எண்கள் வேறாக இருந்தால் அவற்றைப் போட்டுக்கொள்ளுங்கள். வரியோடு சேர்த்துச் சேரும் கட்டணம் 5 லட்சம் ரூபாய். வருடக் கட்டணம் வரியோடு 20,000. அது வருடம் 6 சதவீதம் ஏறுகிறது. 25 வருடம், வருடத்துக்கு 7 இரவு.

இருபத்தைந்தாவது வருடத்தில் அந்த 20,000 ரூபாய் ஏறக்குறைய 81,000 ஆகியிருக்கும். மொத்த வருடக் கட்டணம் மட்டும் 10.97 லட்சம். அதாவது, பேரம் பேசி 50,000 குறைத்தோம் என்று சந்தோஷப்படும் அந்த 5 லட்சத்தைவிட, பேரமே பேசாத வருடக் கட்டணம் இரண்டு மடங்குக்கு மேல். எல்லாம் சேர்த்துக் கிட்டத்தட்ட 16 லட்சம். 175 இரவுக்கு வகுத்தால் இரவுக்குச் சுமார் 9,100.

இந்த 9,100-ஐ வைத்து முடிவெடுக்க வேண்டாம். இன்றைய ரூபாயும் இருபது வருடம் கழித்த ரூபாயும் அதில் கலந்திருக்கின்றன. சரியாகக் கேட்க வேண்டிய கேள்வி இது: அந்த 5 லட்சத்தை 7 சதவீத வட்டிக்கு டெபாசிட்டில் போட்டு, வருடா வருடம் கட்டவிருந்த கட்டணத்தையும் அதோடு சேர்த்து, அந்தப் பணத்திலிருந்தே ரூம் எடுத்தால் என்ன விலை ரூம் எடுக்க முடியும்?

ரூம் விலையும் வருடம் 6 சதவீதம் ஏறுகிறது என்று வைத்தால் விடை, இன்றைய விலையில் வரியோடு இரவுக்குச் சுமார் 6,050 ரூபாய். முதல் வருடம் 7 இரவுக்கு 42,350. அதில் 20,000 வருடக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணம், மீதி 22,350 டெபாசிட்டிலிருந்து. இப்படியே போனால் 25 வருட முடிவில் டெபாசிட் சரியாகத் தீரும்.

நியாயமாகச் சொல்ல வேண்டும், இது மோசமான விலை இல்லை. நீங்கள் எப்படியும் இரவுக்கு 8,000, 9,000 ரூபாய் ரிசார்ட்டில்தான் தங்குவீர்கள், வருடம் தவறாமல் 7 இரவும் போவீர்கள் என்றால் மெம்பர்ஷிப் உங்களுக்கு லாபம். நீங்கள் 30 சதவீத வருமான வரி கட்டுகிறவர், வட்டியில் வரி போகக் கைக்கு 5 சதவீதம்தான் மிஞ்சுகிறது என்றால் அந்த 6,050 இன்னும் இறங்கி 5,400 ஆகும். ‘எல்லாம் ஏமாற்று’ என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

ஆனால் 7 இரவையும் பயன்படுத்தினால்தான் இந்த எண் நிற்கும். சராசரியாக 5 இரவுதான் போகிறோம் என்றால் இரவுக்கு 8,470. 4 இரவு என்றால் 10,580. ரூம் விலை 6 சதவீதத்துக்குப் பதில் 4 சதவீதம்தான் ஏறுகிறது, வருடக் கட்டணம் மட்டும் 6 சதவீதம் ஏறுகிறது என்றால், 7 இரவும் போனாலும் 7,460. ஈஎம்ஐயில் வாங்கினால் நிலைமை வேறு. 5 லட்சத்தை 15 சதவீத வட்டியில் 4 வருடத்தில் கட்டினால் மாதம் 13,900 ரூபாய்க்கு மேல் வரும்; மொத்தம் 6.68 லட்சம். விடுமுறைக்காக 1.68 லட்சம் வட்டி கட்டுவதை எந்தக் கணக்கிலும் என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

எனவே முடிவைத் தீர்மானிப்பது சேரும் கட்டணம் இல்லை, எத்தனை இரவு உண்மையில் போவீர்கள் என்பதே. கடந்த ஐந்து வருடத்தில் குடும்பத்தோடு வெளியூரில் எத்தனை இரவு ஹோட்டலில் தங்கினீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். சொந்த ஊரில், அக்கா வீட்டில், கல்யாணத்துக்குப் போய் மண்டபத்தில் தங்கியதையெல்லாம் சேர்க்கக் கூடாது. மெம்பர்ஷிப் இருந்தால் இனிமேல் அதிகம் போவோம் என்பது ஆசை. கணக்கில் அதற்கு இடம் கொடுக்க வேண்டாம்.

மே மாதத்தில் ரூம்

இனி லீவு விஷயம். சென்னைப் பள்ளிக் குழந்தைகளுக்குக் காலாண்டு விடுமுறை செப்டம்பர் கடைசியை ஒட்டி வரும். அரையாண்டு டிசம்பர் கடைசியில். பொங்கலுக்குச் சில நாள். அப்புறம் ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் தொடக்கம் வரை. இந்த ஊரில் இருக்கும் எல்லாக் குடும்பத்துக்கும் இதே நாட்கள்தான், கோயம்புத்தூருக்கும் மதுரைக்கும் இதே நாட்கள்தான். பெங்களூரும் கொச்சியும் கிட்டத்தட்ட இதே சமயத்தில் கிளம்பும். எல்லாரும் கேட்பது ஊட்டி, கொடைக்கானல், மூணாறு, குடகு. முகூர்த்த நாளில் கல்யாண மண்டபம் தேடுவது மாதிரிதான். முன்பணம் கட்டியவர்கள் நூறு பேர் என்பதற்காக மண்டபம் நூறு ஆகிவிடாது.

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. மெம்பர்ஷிப் பணத்தை மிச்சப்படுத்துவது ரூம் விலை ஏறிக் கிடக்கும் நாட்களில்தான். மே மாதச் சனி ஞாயிறில், கிறிஸ்துமஸ் வாரத்தில். அதே நாட்களில்தான் எல்லா உறுப்பினரும் அதே ரிசார்ட்டைக் கேட்கிறார்கள். ஜூலையிலோ பிப்ரவரியில் வார நாட்களிலோ உறுப்பினருக்குத் தாராளமாக ரூம் கிடைக்கும். அப்போது வெளியே ஹோட்டல் விலையும் நன்றாக இறங்கியிருக்கும். மெம்பர்ஷிப் இல்லாமலே கட்டுப்படியாகும்.

எங்கள் உறவில் இரண்டு வீட்டில் இது இருக்கிறது. சித்தப்பா வங்கி வேலையில் ஓய்வு பெற்றவர். எந்த மாதமும் கிளம்புவார், ரூம் கிடைக்கவில்லை என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. சோழிங்கநல்லூரில் இருக்கும் மாமா பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் ஐடி வேலை, இரண்டு பிள்ளைகளும் பள்ளியில். அவர்கள் கேட்கும் நாளில் மலை ரிசார்ட் கிடைப்பதே இல்லை. வேறு எங்கேயோ, யாரும் கேட்காத இடத்தில், யாரும் கேட்காத நாளில் இருக்கிறது என்று பதில் வருகிறது. பயன்படுத்தாத இரவுகள் அடுத்த வருடத்துக்குச் சேரும் என்றார்கள். சேர்ந்துகொண்டேதான் இருக்கின்றன, அதற்கும் ஒரு வரம்பு உண்டு. அந்தக் குழந்தைகள் ஆசையாகக் கேட்கும்போது அவள் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கும்.

சித்தப்பாவுக்கு லாபமா என்றால், வெறும் பணக் கணக்கில் ஆம் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். அவர் போகும் மாதங்களில் வெளியே குறைந்த விலைக்கே ரூம் எடுத்திருக்கலாம். ஆனால் அவருக்கு வேறு லாபம் இருக்கிறது. சித்திக்கு ஹோட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. அவர்கள் எடுக்கும் அறையில் சின்ன சமையலறை உண்டு, காலையில் கஞ்சி வைத்துக்கொள்ளலாம். இரண்டு பெட்ரூமில் பேரப்பிள்ளைகளோடு சேர்ந்து தங்கலாம். இதற்கெல்லாம் ரூபாயில் விலை போட முடியாது, ஆனால் மதிப்பு உண்டு.

சென்னையிலிருந்து போகிறவர்களுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. உச்ச சீசன் ரூமைப் பல மாதம் முன்பே பிடிக்க வேண்டும். ஆனால் ரயில் டிக்கெட் முன்பதிவு 2024 நவம்பர் 1 முதல் 60 நாளைக்கு முன்புதான் திறக்கிறது. அதற்கு முன்பு 120 நாளாக இருந்தது. ரூமை முதலில் பிடித்துவிட்டு, மேட்டுப்பாளையம் போகும் நீலகிரி எக்ஸ்பிரஸ் டிக்கெட்டுக்காகக் காத்திருக்க வேண்டும். மே மாதத்தில் அது திறந்த உடனே வெயிட்டிங் லிஸ்ட்டுக்குப் போய்விடும். டிக்கெட் கிடைக்காமல் ரூமைக் கடைசி நேரத்தில் கேன்சல் செய்தால் இரவுகள் கழிந்துபோகும் என்று பல ஒப்பந்தங்களில் விதி இருக்கிறது.

காரில் போகலாம் என்றால் ஊட்டி சுமார் 550 கிலோமீட்டர். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வேண்டும். 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை ஊட்டிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்று வரம்பும் வைத்தார்கள். மலையைக் காப்பாற்ற இது தேவைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் 25 வருடம் ஊட்டிக்குப் போகலாம் என்று இன்றைக்குப் பணம் கட்டுகிறவர் இதையும் யோசிக்க வேண்டும். இந்த வரம்புகள் இனி தளரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வேறு வழிகள்

முதலாவது, நான் பெரும்பாலானவர்களுக்குச் சொல்வது: மாதம் 3,500 ரூபாய் ஆர்.டி. (வங்கியில் மாதா மாதம் கட்டும் சேமிப்பு), தனியாக ஒரு கணக்கில், ‘ஊருக்குப் போக’ என்று பெயர் வைத்து. வருடத்துக்கு 42,000, கொஞ்சம் வட்டி. மேலே பார்த்த 6,000 ரூபாய் ரூமில் 7 இரவுக்குக் கிட்டத்தட்ட போதும். ரூம் வாடகை ஏற ஏற மாதத் தொகையையும் வருடத்துக்கு ஒருமுறை கொஞ்சம் ஏற்றிக்கொள்ள வேண்டும். நாளுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள ஹோட்டல் அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான், அதற்கு மேல் போனால் 18. மெம்பர்ஷிப் கட்டணத்துக்குக் கட்டும் வரியோடு இதை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இதில் கிடைக்கும் சுதந்திரத்தைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். ஒரு வருடம் வீட்டில் ஆபரேஷன் என்றால் பணம் அப்படியே இருக்கும், அதற்கும் உதவும். ஒரு வருடம் கும்பகோணம் பக்கம் கோயில் கோயிலாகப் போக வேண்டும் என்று அம்மா ஆசைப்பட்டால் போகலாம். இரண்டு வருடப் பணத்தைச் சேர்த்து அந்தமான் போகலாம். வால்பாறையிலோ குடகிலோ ஒரு ஹோம்ஸ்டேயில் வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வரலாம்.

இதற்கு எதிராக ஒரு நல்ல வாதம் உண்டு, அதை நான் மதிக்கிறேன். ‘கையில் பணமாக இருந்தால் பள்ளிக் கட்டணத்துக்கோ வாஷிங் மெஷினுக்கோ போய்விடும். முன்கூட்டியே கட்டிவிட்டால்தான் நாங்கள் கிளம்புவோம்’ என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். குறிப்பாகப் பெண்கள் இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அடுப்படியிலிருந்து வருடத்தில் ஒரு வாரமாவது தப்பிக்க வேறு வழி இல்லை என்ற நிலையிலிருந்து சொல்கிறார்கள். அது உண்மைதான். அப்படிப்பட்ட வீட்டில் ஆர்.டி. முதிர்வு தேதியைப் பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பு வைத்து, பணம் வந்த அன்றே ரூமுக்கும் டிக்கெட்டுக்கும் கட்டிவிடுவது நல்லது. 25 வருடக் கட்டாயத்துக்குப் பதில் ஒரு வருடக் கட்டாயம்.

இரண்டாவது, அரசுத் தங்குமிடங்கள். 1971-ல் தொடங்கிய தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஹோட்டல் தமிழ்நாடு ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு, ராமேஸ்வரம், கன்னியாகுமரி என்று பல இடத்தில் இருக்கிறது. மாமல்லபுரத்தில் கடற்கரையை ஒட்டியே ஒன்று. ஏற்காட்டில் ஏரிக்குப் பக்கத்தில். ரிசார்ட் பளபளப்பு இருக்காது, பராமரிப்பு இடத்துக்கு இடம் மாறும். ஆனால் தனியாருக்கு இன்று எவ்வளவு கொடுத்தாலும் கிடைக்காத இடத்தில் சில கட்டடங்கள் நிற்கின்றன. கேரளாவில் அந்த மாநிலச் சுற்றுலாக் கழகமான கேடிடிசிக்கும் இதையே சொல்லலாம். வங்கி, ரயில்வே, மத்திய அரசு ஊழியர்களுக்கு மிகக் குறைந்த வாடகையில் விடுமுறை இல்லங்கள் உண்டு. வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் எதற்கும் முன்பு அதைப் பாருங்கள். எத்தனையோ பேர் ஓய்வு பெறும்வரை ஒருமுறைகூடக் கேட்டுப் பார்ப்பதில்லை.

மூன்றாவது, ஏலகிரியிலோ ஈசிஆரிலோ சொந்தமாக ஒரு வீடு. இது வேறு தளத்தில் இருக்கும் முடிவு, இங்கே விரிவாகப் பேசவில்லை. மலையில் கட்டுவதற்கு மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் அனுமதி தேவைப்படும் கிராமங்கள் நிறைய. காவல்காரர் சம்பளம், கரண்ட் பில், மழைக்காலத்து ஓதம் எல்லாம் வரும். வருடத்துக்கு ஒரு வாரம் போவதற்காக மட்டும் இதைச் செய்ய வேண்டாம்.

நான்காவது, மெம்பர்ஷிப்பையே இரண்டாம் கையாக வாங்குவது. வேண்டாம் என்று நினைப்பவர்கள் சேரும் கட்டணத்தைவிட மிகக் குறைந்த விலைக்குக் கொடுக்கத் தயாராக இருப்பார்கள். மேலே போட்ட கணக்கில் 5 லட்சத்துக்குப் பதில் 2 லட்சத்தைப் போட்டால், 7 இரவும் போகிறவருக்கு இரவுக்கு 4,150 ரூபாய்க்குள் வந்துவிடும். மீதி வருடம் குறைவாக இருக்கும்போது இது கொஞ்சம் ஏறும், ஆனாலும் பெரிய வித்தியாசம். பெயர் மாற்றத்துக்கு நிறுவனம் அனுமதிக்கிறதா, அதற்கு எவ்வளவு கட்டணம், பழைய வருடக் கட்டணம் பாக்கி உண்டா, புது உறுப்பினருக்குக் கிடைக்கும் எல்லா ரிசார்ட்டும் பெயர் மாற்றி வாங்கியவருக்கும் கிடைக்குமா என்பதை நிறுவனத்திடமே எழுத்தில் கேட்டு வாங்கிவிட்டு, பிறகு பணம் கொடுக்க வேண்டும். மெம்பர்ஷிப்தான் வேண்டும் என்று உறுதியாக இருப்பவர்களுக்கு இதைத்தான் நான் முதலில் சொல்வேன். இதிலேயே இன்னொரு செய்தியும் இருக்கிறது: ஹாலில் ‘எப்போது வேண்டுமானாலும் விற்றுக்கொள்ளலாம்’ என்று சொன்னால், எந்த விலைக்கு என்று கேளுங்கள்.

யாருக்குப் பொருந்தும்

என் முடிவு இது. மேல்சீசன் உரிமையை முழுப் பணம் கட்டிக் கடனில்லாமல் வாங்க முடிந்தவர், ஆறு எட்டு மாதம் முன்பே தேதி குறித்துப் பழகியவர், மெம்பர்ஷிப் இல்லாவிட்டாலும் இதே விலை ரிசார்ட்டில்தான் தங்குகிறவர், அறையில் நாலைந்து பேர் சேர்ந்து தங்கப் பிரியப்படுகிறவர். இவை எல்லாம் பொருந்தினால் வாங்கலாம். ஒன்று பொருந்தவில்லை என்றாலும் ஆர்.டி. போதும். பள்ளிப் பிள்ளைகள் உள்ள, இருவரும் வேலைக்குப் போகிற, கடைசி நேரத்தில் லீவு அனுமதி வாங்கும் சென்னைக் குடும்பம் குறைந்த சீசன் மெம்பர்ஷிப்பை ஈஎம்ஐயில் வாங்குவதைத் தயவுசெய்து தவிர்க்க வேண்டும்.

வெளிநாட்டு ரிசார்ட்டும் கிடைக்கும் என்று சொல்வார்கள். நம் இரவுகளைக் கொடுத்து வேறு ரிசார்ட்டில் தங்க வழி செய்யும் ஆர்சிஐ மாதிரி பரிமாற்ற அமைப்புகள் 1970களிலிருந்து இருக்கின்றன, அது பொய் இல்லை. அதற்குத் தனிக் கட்டணம், விமானம், விசா எல்லாம் உங்கள் செலவு. அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். கடைசி வருடத்தில் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும், வருடா வருடம் வருமானம் வரும் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பான்கார்டு கிளப்ஸ் என்ற நிறுவனம் ஹோட்டல் தங்கல் என்ற பெயரில் லட்சக்கணக்கானவர்களிடம் 7,000 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டியது. அது பதிவு செய்யாத கூட்டு முதலீட்டுத் திட்டம் என்று 2014-ல் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி தடை விதித்தது.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், ஒப்பந்தத்தை அன்றைக்கே கையெழுத்துப் போடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து படியுங்கள். தரமாட்டேன் என்றால் அதுவே பதில். வருடக் கட்டணம் எதன் அடிப்படையில் ஏறும், உச்சவரம்பு உண்டா, நடுவில் வெளியேறினால் எவ்வளவு திரும்ப வரும் என்ற மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். ஹாலில் சொன்ன வாக்குறுதிகளை அவர்களுடைய நிறுவன மின்னஞ்சலிலிருந்து அனுப்பச் சொல்லுங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் இந்த மாதிரி ஒப்பந்தத்தை 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் ரத்து செய்யும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. இங்கே டைம்ஷேர் எனப்படும் இந்த மாதிரித் திட்டங்களுக்கு என்று தனிச் சட்டம் இல்லை. சில நிறுவனங்கள் தாமாகவே சில நாள் அவகாசம் தருகின்றன. அது எத்தனை நாள், பணம் பிடித்தம் இல்லாமல் வருமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், அந்த 5 லட்சத்தை நினைத்துக்கொண்டு இருக்க வேண்டாம். அது போனது போனதுதான். இனி கட்டப்போகும் வருடக் கட்டணத்துக்கு ஈடாக ரூம் கிடைக்கிறதா என்று மட்டும் பாருங்கள். 20,000 கட்டி 7 இரவு உண்மையில் கிடைத்தால் இரவுக்கு 2,860 ரூபாய்தான், அது நல்ல விலை. வைத்துக்கொண்டு அப்பா அம்மாவையாவது ஜூலையில் அனுப்பிவையுங்கள். கிடைக்கவே இல்லை என்றால் கேட்ட தேதி, வந்த பதில் எல்லாவற்றையும் எழுத்தில் சேர்த்து வையுங்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீராவிட்டால் நுகர்வோர் ஆணையம். 2019-ம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், நிறுவனத்தின் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் சரி. கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். ‘அடுத்த சீசனில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று அவர்கள் சொல்வதைக் கேட்டுக் கேட்டு அந்த 2 வருடத்தை விட்டுவிடாதீர்கள்.